ஏட்டைத் திருப்புவதா? உள்ளத்தைத் திருப்புவதா?

ஆண்டிறுதித் தேர்வு அணுகிவிட்டால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எல்லாம் ஒரே வகை ஒலி எழுகின்றது. அதற்குத் 'திருப்புதல்' என்று பெயர். ஆண்டு முழுவதும் நடத்தப்பெற்ற செய்யுட் பகுதிகள் சில கிழமைகளுக்குள் மீண்டும் ஒருமுறை புரட்டப்பெறுகின்றன. கரும்பலகையின் இடப்பக்கத்தில் அணிகளின் பெயர்கள். நடுவில் அவற்றின் இலக்கணம். வலப்பக்கத்தில் புலவர் பெயரும் நூற்பெயரும். ஆசிரியர் கோலால் ஒன்றைச் சுட்டுகின்றார். நாற்பது குரல்கள் ஒன்றாய் விடையளிக்கின்றன. உவமையணி, உருவக அணி, வேற்றுமையணி, தற்குறிப்பேற்ற அணி என்று பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. பின்னர்ப் புலவர்தம் ஊர், காலம், பாடிய பாட்டின் தொகை. மணி அடிக்கின்றது. திருப்புதல் முடிந்தது என்று ஆசிரியரும் எண்ணுகின்றார். தமிழ் முடிந்தது என்று மாணவரும் எண்ணுகின்றனர்.

திருப்பப்பட்டது எது? ஏடு திருப்பப்பட்டது, ஐயமில்லை. ஆயின் மாணவரின் உள்ளம் பாட்டின்பால் திருப்பப்பட்டதா? இவ் வினாவைத் தமிழன்பர் ஒவ்வொருவரும் கேட்டே ஆகல் வேண்டும். தமிழ்நாட்டில் பிறந்த ஒருவன் கழகப் பாட்டு ஒன்றைத் தன் வாழ்நாளில் முதன்முறையாகப் பார்க்கும் இடம் பள்ளி வகுப்பறையே. பெரும்பாலார்க்கு இறுதியாகப் பார்க்கும் இடமும் அதுவே. அவ் விடத்திலும் பாட்டை விட்டுப் பெயரை மட்டும் அவன் கையிற் கொடுத்தனுப்பினால், ஈராயிரம் ஆண்டுச் செல்வத்தின் திறவுகோலைக் காட்டாமல் பெட்டியின்மேல் ஒட்டிய தாளை மட்டும் காட்டி அனுப்பியதாகும்.

புலவர் பெயரையும் பாட்டின் நயத்தையும் இரு வேறு பட்டியல்களாகப் பிரித்து நெட்டுருப் போடும் இம் முறை தமிழ் மரபுக்கு எத்துணை மாறானது என்பதைக் காட்டக் கழக நூல்களே போதிய சான்று தருகின்றன. செம்புலப்பெயல்நீரார் என்றொரு புலவர். அணிலாடு முன்றிலார் என்றொருவர். மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார், கல்பொரு சிறுநுரையார், குப்பைக் கோழியார் என இன்னும் சிலர். இவர்தம் பாட்டுகள் குறுந்தொகையில் உள்ளன. தேய்புரிப் பழங்கயிற்றினார் பாட்டு நற்றிணையில் உள்ளது. இவை தாய்தந்தையர் இட்ட பெயர்கள் அல்ல. அவர்தம் இயற்பெயர்கள் காலத்தில் மறைந்தன. பாட்டைத் தொகுத்துக் காத்த முன்னோர், பெயரறியாத அப் புலவர்களை அவரவர் ஆண்ட சொற்றொடராலேயே அழைத்தனர். உவமையே புலவர்க்குப் பெயராயிற்று. உலகில் இங்ஙனம் பெயர்பெற்ற பாவலர் மிகச் சிலரே இருத்தல் கூடும்.

இதன் பொருள் யாது? தமிழ் முன்னோர் பாட்டின் நயத்தை ஒரு புறமும் பாடியவனை மறுபுறமும் வைத்து எண்ணவில்லை. ஒருவன் எதனை எவ்வாறு கண்டான் என்பதே அவன் யார் என்பதற்கு விடை எனக் கொண்டனர். இன்றைய தேர்வு மாணவனோ 'செம்புலப்பெயல்நீரார்' என்னும் பெயரை எழுதி ஒரு மதிப்பெண் பெறுகின்றான். அப் பெயருக்குள்ளேயே மழையும் மண்ணும் கலந்து கிடப்பதை அறியாமலேயே எழுதுகின்றான். பெயரை அறிந்து பொருளை அறியாத இந் நிலை, பெயரே இல்லாமற் போன அப் புலவர்களின் நிலையினும் இரங்கத்தக்கது.

அப் பெயர்களைச் சற்றே ஊன்றி நோக்குதல் வேண்டும். குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டில், இருவர்தம் தாயரும் தந்தையரும் ஒருவரையொருவர் அறியார். அவ் விருவரும் முன்பின் கண்டவர் அல்லர். ஆயினும் அன்புடை நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று தலைவன் சொல்கின்றான். அக் கலப்புக்கு உவமை, செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர். நீருக்கெனத் தனி நிறம் இல்லை. அது செம்மண்ணிற் பட்ட நொடியில் சிவக்கின்றது. அதன்பின் நீர் வேறு, நிறம் வேறு எனப் பிரித்தெடுக்க எவராலும் இயலாது. இவ் வுவமையின் உயிர் எச் சொல்லில் இருக்கின்றது? 'மழை' என்பதில் அன்று. 'நிலம்' என்பதிலும் அன்று. 'செம்மை' என்னும் அடையில் இருக்கின்றது. கரம்பையிலோ மணலிலோ மழை பெய்தது எனச் சொல்லியிருந்தால் இப் பாட்டு இல்லை. இப் புலவரும் இல்லை.

ஓரேருழவனார் பாட்டும் அத்தகையதே. வினைமுடித்து மீளும் தலைவனுக்குத் தலைவி இருக்கும் ஊர் நெடுந்தொலைவில் உள்ளது. அவன் நெஞ்சம் விரைகின்றது. அகன்ற வயல் முழுவதும் உழுதற்கேற்ற ஈரப் பதம் வந்துவிட்டது. உழவனிடம் இருப்பதோ ஒரே ஏர். ஈரம் காயுமுன் உழுது முடித்தாக வேண்டும். அவ் வுழவனின் பதைப்பே தலைவனின் பதைப்பு. ஏர் இரண்டாயின் பதைப்புப் பாதியாகும். ஏர் பத்தாயின் பாட்டே தேவையில்லை. 'ஓர்' என்னும் ஒரு சிறு சொல் அப் பாட்டைத் தாங்கி நிற்கின்றது. ஏரைக் கண்ணால் கண்டறியாத நகரத்துச் சிறுவனுக்கும் இதனை விளக்கிவிட்டால் ஒரு நாளும் மறவான். அன்றி, 'இப் பாட்டில் பயின்று வந்துள்ளது உவமையணி' என்று மட்டும் எழுதவைத்தால் மறுநாளே மறப்பான்.

நற்றிணையின் 284ஆம் பாட்டில் பொருள்தேடச் சென்றவனின் நெஞ்சம் திரும்பிப் போ என்கின்றது; அறிவோ எடுத்த வினையை முடி என்கின்றது. இரு யானைகள் இரு தலையும் பற்றி இழுக்கும் பழங்கயிறு போல இடைநின்ற உடல் அழிகின்றது. புதுக்கயிறாயின் சிறிது பொறுக்கும். புரி தேய்ந்த பழங்கயிறு ஆதலின் அறுவது உறுதி. குறுந்தொகையில் குப்பைக் கோழியார் பாட்டில், தலைவியின் காமநோய்க்கு ஒப்பாகக் குப்பையில் தாமே பொருதுகொள்ளும் கோழிகள் வருகின்றன. வளர்ப்போர் போருக்கு விடும் கோழியாயின் ஏவி விடவும் ஆள் உண்டு. விலக்கிவிடவும் ஆள் உண்டு. குப்பைக் கோழிகளுக்கு இருவரும் இலர். பூசல் தானே ஓய்ந்தால்தான் உண்டு. கல்பொரு சிறுநுரையார் காட்டும் தலைவியோ, வெள்ளத்தில் பாறைமேல் மோதும் சிறு நுரைபோல் மெல்லமெல்ல இல்லாமற் போகின்றாள். ஊர் மக்கள் குடிபெயர்ந்த சுரத்துச் சிற்றூரில் அணில் ஆடும் முற்றத்தையுடைய தனி வீட்டை, தலைவன் பிரிந்த நாளின் வெறுமைக்கு ஒப்பாக்குகின்றார் அணிலாடு முன்றிலார்.

இவை அனைத்திலும் ஓர் உண்மை பொதுவாய் நிற்கின்றது. ஒரு உவமையின் உயிர் பெரும்பாலும் ஒரே சொல்லில் உறைகின்றது. புலவர்க்குப் பெயரிட்ட முன்னோர் அவ் வுயிர்ச்சொல்லைத் தப்பாமற் பற்றினர். அவர்களே முதன்மையான திறனாய்வாளர்கள். திருப்புதல் வகுப்பில் ஆசிரியர் கேட்கவேண்டிய வினாவும் அவர்கள் கற்பித்ததே ஆகும்: 'எந்தச் சொல்லை எடுத்துவிட்டால் இவ் வுவமை இறந்துபடும்?' இவ் வொரு வினாவைக் கேட்டுவிட்டால் மாணவன் நெட்டுருப் போட்டதைக் கொண்டு விடை சொல்ல இயலாது. பாட்டுக்குள் இறங்கியே ஆகல் வேண்டும்.

இனி, இம் முறை எவரேனும் புதிதாய்க் கண்டதோ என்னும் ஐயம் எழலாம். அன்று. தொல்காப்பியர் வகுத்த நெறியே இது. தொல்காப்பியத்தின் மூன்று அதிகாரங்களுள் மூன்றாவதான பொருளதிகாரத்தில் ஒன்பது இயல்கள் உள்ளன. அவற்றுள் மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல் ஆகிய மூன்றும் பாட்டின் இயல்பை ஆராய்வன. உவமை பிறக்கும் நிலைக்களன்களாக வினை, பயன், மெய், உரு என்னும் நான்கினை அவர் கூறினார். புலிபோற் பாய்ந்தான் என்பது வினை பற்றியது; மழை போன்ற கொடைக்கை என்பது பயன் பற்றியது; துடி போன்ற இடை என்பது வடிவாகிய மெய் பற்றியது; பவளம் போன்ற வாய் என்பது நிறமாகிய உரு பற்றியது. ஒற்றை ஏருழவனின் விரைவு வினையுவமம் என்பதை மாணவன் தானே கண்டுகொள்ளலாம். செம்புலப்பெயல்நீர் எதனைப் பற்றியது? கலத்தலாகிய வினையா? சிவத்தலாகிய உருவா? இரண்டுமா? வகுப்பில் இதுபற்றி ஒரு நாழிகை வழக்காடினாலும் அந் நாழிகை வீணன்று.

அதன்பின் மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டும், ஒவ்வொன்றும் தோன்றும் நான்கு நான்கு களன்களும் கூறி, முப்பத்திரண்டாக விரித்தார் தொல்காப்பியர். இது பட்டியலன்று, படிப்போன் கையில் கொடுத்த உரைகல். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு களன்கள் உண்டு. நுரைபோல் தேயும் தலைவியின் துன்பம் இவற்றுள் எதனாற் பிறந்தது என்று கேட்டால் மாணவன் அத் தலைவியின் நிலையில் தன்னை வைத்துப் பார்த்தே விடையளிப்பான். அந் நொடியில் இலக்கணம் உயிர்பெறுகின்றது.

உவமைக்கும் அப்பால், வெளிப்படச் சொல்லாமல் உணர்த்தும் உள்ளுறையைத் தமிழர் கண்டனர். குறுந்தொகையின் எட்டாம் பாட்டு ஆறே அடிகள் கொண்டது. பாடியவர் ஆலங்குடி வங்கனார். பேசுகின்றவள் பரத்தை. வயலோரத்து மாமரத்தினின்றும் தானாக உதிரும் இனிய பழத்தைப் பொய்கையிலுள்ள வாளைமீன் கவ்வும் ஊரன் என்று தலைவனைக் குறிக்கின்றாள். இங்கு நில்லாமல், கண்ணாடியிற் காணும் பாவை, முன்னிற்போர் கைகால் தூக்கத் தானும் தூக்குவது போல், தன் மகனின் தாய்க்கு அவன் ஆடுகின்றான் என்கின்றாள். கண்ணாடிப் பாவை வெளிப்படையான உவமை. எந்த மாணவனும் கண்டுகொள்வான். மாம்பழமும் வாளைமீனும்? அங்கே உவம உருபு இல்லை. தான் அவனைத் தேடிச் செல்லவில்லை, அவனே வந்து தன்னிடம் வீழ்ந்தான் என்பதைப் பழத்தின்மேல் ஏற்றிச் சொல்லிவிட்டாள். நிலத்தின் கருப்பொருளைச் சொல்வதுபோற் காட்டி உள்ளத்துப் பொருளை ஒளித்து வைக்கும் இந் நுட்பமே அகப்பாட்டின் உயிர்நாடி. திருப்புதல் வகுப்பில் கண்ணாடிப் பாவைக்கு மதிப்பெண் கிடைக்கின்றது. வாளைமீன் எவர் கண்ணிலும் படாமல் நழுவிவிடுகின்றது.

இந் நெறி எப்பொழுது மறைந்தது? தொல்காப்பியத்தில் இலக்கணம் எழுத்து, சொல், பொருள் என மூன்றே. உவமம் பொருளதிகாரத்துள் அடங்கியது. அஃதாவது உவமை பொருளின் ஒரு பகுதி. பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியத்தில் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அலங்காரம் என இலக்கணம் ஐந்தாயிற்று. அவ் வலங்காரம் வடமொழித் தண்டியின் வழிப்பட்டது. அதனையடுத்து, அத் தண்டியின் நூலைத் தழுவியே தண்டியலங்காரம் எழுந்து முப்பத்தைந்து பொருளணிகளை வகுத்தது. பிற்காலத்து மாறனலங்காரம் அத் தொகையை இன்னும் பெருக்கிற்று. பொருளுக்குள் உயிராய் இருந்த உவமை, பொருளுக்கு வெளியே பூட்டிக் கழற்றும் நகையாயிற்று. எண்ணிக்கை பெருகிற்று, நோக்குக் குறுகிற்று. உள்ளுறையும் இறைச்சியும் வகுப்பறையின் மூலையில் ஒதுக்கப்பட்டன.

தமிழ்ச் சான்றோர் இதனைக் கண்டும் வாளா இருந்துவிடவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் முதலிய இறுதி நான்கு இயல்களுக்கும் அரியதோர் உரை வகுத்த பேராசிரியர், உவமவியல் உரையில் இதனை எடுத்துக்கொண்டு மறுத்தார். தொல்காப்பியர் கூறிய உவமங்களிற் சிலவற்றையும், வேறிடங்களிற் கூறிய சில பொருள்களையும் தனியே பிரித்தெடுத்து அவற்றை அணி எனப் பெயரிட்டு நூல் செய்தல் பொருந்தாது என்பது அவர் கருத்து. இன்று அணியிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியருள் எத்துணையர் இப் பகுதியை மாணவர்க்கு எடுத்துக் காட்டுகின்றனர்? ஐந்திலக்கணம் தொன்றுதொட்டே இருந்தது போலன்றோ பாடம் நடைபெறுகின்றது?

ஆயினும் ஒன்றை நடுநிலையோடு கூறல் வேண்டும். பொருள் வடக்கினின்று வந்தபோதும் அதற்குத் தமிழ்ப்பெயர் படைக்கும் ஆற்றல் அக்காலப் புலவர்க்கு இருந்தது. தற்குறிப்பேற்றம், வேற்றுப்பொருள் வைப்பு, பின்வருநிலை, நிரல்நிறை, மடக்கு என அவர்கள் இட்ட பெயர்கள் தாமே பொருள் விளக்குவன. தன் குறிப்பைப் பொருளின்மேல் ஏற்றுவது தற்குறிப்பேற்றம். சொல்லைக் கேட்ட அளவில் பொருள் விளங்கிவிடுகின்றது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆகிய இப் பணியை மறந்து, இன்றும் 'யமகம்' என்றும் 'சிலேடை' என்றும் கற்பிப்போர் உளர்; அவற்றிற்கும் மேலே சென்று ஆங்கிலப் பெயரைச் சொன்னால்தான் மாணவர்க்கு விளங்கும் என்போரும் உளர். மடக்கு எனின் விளங்காதா? இரட்டுற மொழிதல் எனின் விளங்காதா? விளங்காதது சொல் அன்று. சொல்வோர்க்குத் தம் மொழிமேல் இல்லாத நம்பிக்கையே.

பெயர் வருமுன்னரே பொருள் இருந்தது என்பதற்கு இளங்கோவடிகள் சான்றாவார். தற்குறிப்பேற்றத்திற்குப் பள்ளிகளில் பெரும்பாலும் காட்டப்பெறும் எடுத்துக்காட்டு, மதுரை மதிற்கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டா எனக் கைகாட்டி மறித்தன என்பது. இயல்பாய்க் காற்றில் அசைந்த கொடிமேல் புலவர் தம் குறிப்பை ஏற்றினார் என்று மாணவர் எழுதுகின்றனர். சரியே. ஆனால் புறஞ்சேரியிறுத்த காதையை முழுதும் படித்தவர்க்கன்றோ அதன் ஆற்றல் புலப்படும்! கொடிகளுக்கு முன்னரே வையையாறு கண்ணகிக்கு வரவிருப்பதை அறிந்தவளாய்த் தன் கண்ணீரை மலராடையால் மறைத்துக்கொள்கின்றாள். அவ் விருவரோ அதனை அறியாராய், நீர் ஓடும் ஆறன்று, பூ ஓடும் ஆறு என வியந்து தொழுகின்றனர். அகழியின் மலர்கள் கண்ணீர் ததும்ப நடுங்குகின்றன. அதன்பின்னரே கொடிகள் கைகாட்டுகின்றன. ஆறு அறிந்தது, பூ அறிந்தது, கொடி அறிந்தது, சாகப் போகின்றவன் மட்டும் அறியவில்லை. ஒரே காதையில் மும்முறை அடுக்கி இளங்கோ செய்தது அழகுவேலை அன்று; வரவிருக்கும் பெருந்துயரின் முன்னறிவிப்பு. இரண்டு அடிகளை மட்டும் வெட்டியெடுத்து அணிக்குச் சான்றாக்கும்போது, மாணவன் கையில் எஞ்சுவது அசையும் துணி ஒன்றே.

பாட்டை முழுமையாகக் காட்டிக் கற்பித்தல் இயலாதது என்பார் மறைமலையடிகளின் பணியை நினைத்துப் பார்ப்பாராக. அடிகள் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். அவர்க்கு முன்னரே அங்குத் தமிழ் கற்பித்து வந்தவர் பரிதிமாற் கலைஞர். அடிகள் 1903இல் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையையும் 1906இல் பட்டினப்பாலை ஆராய்ச்சியுரையையும் வெளியிட்டார். தனித்தமிழியக்கத்தை 1916இல் தொடங்கிய அப் பெரியார், அதற்கும் முன்பே செய்த முதற்பணி பாட்டை மாணவர்க்குத் திறந்துவைத்ததே என்பதைத் தமிழன்பர் மறத்தலாகாது. அடிகளைத் தாளாளும் தனித்தமிழ்ச் சொல்லுக்காக மட்டும் போற்றுவது அரைப்போற்றுதலே.

முல்லைப்பாட்டு நப்பூதனார் பாடியது. 103 அடிகளே உடையது. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. பழைய உரையாசிரியரான நச்சினார்க்கினியர் அடிகளை முன்பின்னாக மாற்றிப் பொருள் கொண்டதை மறைமலையடிகள் ஏற்கவில்லை. புலவர் பாடிய ஓட்டத்திலேயே பாட்டைப் படித்தல் வேண்டும் என்றார். அவ்வாறு படித்தால் என்ன தெரிகின்றது? போருக்குச் சென்ற அரசன் மீளவில்லை. மழை பெய்த மாலையில் முதுபெண்டிர் நெல்லும் முல்லைமலரும் தூவி நற்சொல் கேட்டு நிற்கின்றனர். அங்கே ஓர் ஆய்மகள், தாயைத் தேடும் கன்றினை நோக்கி, உன் தாயர் இப்பொழுதே வந்துவிடுவர் என்று தேற்றுகின்றாள். அவள் தேற்றியது கன்றினை. தேற்றம் பெறவேண்டியவள் அரண்மனையில் துயிலாத அரசி. அச் சொல்லே அரசிக்கு நற்சொல்லாகின்றது. பாசறையிலோ அரசனும் துயிலவில்லை. புண்பட்ட யானைகளையும் மாண்ட மறவரையும் எண்ணிக் கிடக்கின்றான். இருபுறத்தும் துயிலின்மை, நடுவே ஒரு கன்று. இதனைக் காட்டியபின் ஆசிரியர் பெயரையும் அடித்தொகையையும் மாணவன் மறப்பானா?

காலம் போதாது, பாடம் மிகுதி, மதிப்பெண் குறைந்தால் வினவப்படுவோர் ஆசிரியரே என்னும் மறுமொழி எழும். இம் மறுமொழியில் உண்மை இல்லாமல் இல்லை. பெயரை மட்டும் கேட்கும் வினாத்தாள், பெயரை மட்டும் கற்பிக்கும் வகுப்பையே ஈன்றெடுக்கும். ஆதலின் குற்றம் முழுவதையும் ஆசிரியர் தலையில் ஏற்றுதல் முறையன்று. வினாத்தாள் வகுப்போரும் பாடத்திட்டம் அமைப்போரும் இதற்குப் பொறுப்பாவர். ஒன்றை மட்டும் அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக: பாடியவர் யார், அணி யாது என்னும் வினாக்களுக்கு இன்று கைப்பேசி ஒரு நொடியில் விடை சொல்லிவிடுகின்றது. ஒரு கருவி நொடியில் சொல்லும் ஒன்றைச் சொல்லப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு குழந்தையைப் பயிற்றுவது எதற்கு? ஒற்றை ஏரின் பதைப்பைத் தன் நெஞ்சில் உணர்வது கருவிக்கு ஆகாது. அதுவே கல்வியின் பணி.

செய்யத்தக்கன அரியனவும் அல்ல. திருப்புதல் நாளில் பத்துப் பாட்டுகளை ஓடவிடுவதினும் மூன்று பாட்டுகளை நிறுத்திப் படித்தல் நன்று. முதற்கண் பாட்டை வாய்விட்டு ஓசையோடு படிக்கச் செய்க. அடுத்து, யார் யாரிடம் எந்நிலையில் பேசுகின்றார் என்று கேட்க. மூன்றாவதாக, எந்தச் சொல் நீங்கினால் பாட்டு வீழும் என்று கேட்க. நான்காவதாக, உவமை எனின் வினையா, பயனா, மெய்யா, உருவா என்றும், தோன்றும் மெய்ப்பாடு யாதென்றும் ஆராயச் செய்க. இவையெல்லாம் முடிந்தபின் அணியின் பெயரைச் சொல்லுக. அதுவும் தமிழிலேயே சொல்லுக. இறுதியாகப் புலவர் பெயரைச் சொல்லி, அவர் பாட்டுக்கும் பெயருக்கும் உறவிருப்பின் அதனையும் விளக்குக. பெயர் முடிவில் வருமாயின் அஃது அறிவின் முத்திரை. முதலில் வருமாயின் அஃது அறிவுக்கு அடைப்பு.

தமிழியக்கத்தார்க்கும் இதில் கடமை உண்டு. பெயர்ப்பலகைகளில் தமிழ் வேண்டும், ஆட்சியில் தமிழ் வேண்டும் என்பன தவறாது கேட்கவேண்டியவை. தமிழைச் செம்மொழி என நடுவணரசு 2004இல் அறிவித்தது. பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2006இல் இயற்றப்பெற்றது. இவை வெறுமனே வந்தவை அல்ல, நெடும்போராட்டத்தின் பயன்கள். ஆயினும் சட்டம் தமிழை வகுப்பறை வாயில்வரையே கொண்டுவரும். வகுப்பறையிலிருந்து மாணவன் உள்ளத்துக்குக் கொண்டுசெல்வது ஆசிரியர் குரல் ஒன்றே. ஆதலின் ஒவ்வோர் ஊரிலும் உள்ள தமிழன்பர், தேர்வுக்காலத்தில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் நால்வரையேனும் மாலையில் அமர்த்திக் குறுந்தொகைப் பாட்டொன்றைப் படித்துக் காட்டுவாராக. மேடையில் ஒரு நாழிகை முழங்குவதினும் அதன் பயன் பெரிது.

தொல்காப்பியர் பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை என நான்கு களன்கள் கூறினார். அந் நான்கினுள் முதலில் வைத்தது கல்வியை. அதற்குப் பின்னரே வீரத்தை வைத்தார். தமிழினம் தன் மொழியை எண்ணி நிமிர்ந்து நிற்பதற்கு வேண்டிய பெருமிதம் முழக்கத்திற் பிறப்பதன்று, கற்றலிற் பிறப்பது. கற்காத பெருமிதம் வெற்றாரவாரம். அதனைப் பகைவரும் அஞ்சார், பிள்ளைகளும் நம்பார்.

தாய்தந்தை இட்ட பெயரை இழந்த புலவர்கள் ஈராயிரம் ஆண்டுகளாய் வாழ்கின்றனர். எவனோ ஒரு தொகுப்பாளன் அவர்தம் பாட்டைப் படித்தான். ஒரு சொல்லில் நின்றான். அச் சொல்லை விடாமற் பற்றினான். அவன் நின்றதால் அவர்கள் நிலைத்தனர். நாளை இத் தமிழ் நிலைப்பதும் அவ்வாறே நிற்கக் கற்றுக்கொள்ளும் மாணவனால்தான். திருப்புதல் நடத்தும் ஆசிரியர் அவனுக்காக ஏட்டைச் சற்றே மெல்லத் திருப்புவாராக. அவன் உள்ளம் தானே பாட்டின்பால் திரும்பும்.